கீழ்த்தாடையில ஒரு ஆணி

படத்துல ஒரு ஆணி இருந்துச்சு.

மைக்கக்கா அதை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தா. சாயங்கால வெயில் அந்தக் கருப்பு எக்ஸ்ரே வழியா இறங்கி வர, வரிசையா நிக்கிற பல்லுங்களோட வேரெல்லாம், தண்ணியில முங்கிக் கெடக்குற மரத்தோட வேர் மாதிரி வெளுத்துப் போய்த் தெரிஞ்சுது. கீழ்த்தாடையில, மோவாய்க்குக் கொஞ்சம் இடதுபக்கமா, லேசா வளைஞ்ச ஒரு சின்ன ஆணி. எலும்பு உடைஞ்சா சேத்துப் பிடிக்கிறதுக்கு டாக்டருங்க முடுக்குவாங்களே, அந்த மாதிரி. மைக்கக்காவுக்கு ஆயுசுல எலும்பு உடைஞ்சதே கெடையாது.

அதோட போச்சா? மேல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல நல்ல சந்து. அவளுக்கு ஏது சந்து? இடமே இல்லாம ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்கிற தெத்துப்பல்லுதான் அவளுக்கு. "அந்தப் பல்லுலதான் நான் தடுக்கி விழுந்தேன், இன்னும் எந்திரிக்கல"ன்னு வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கார்.

எக்ஸ்ரேயை மூக்குகிட்ட கொண்டுபோனா. பாசி வாடை. ஏதோ ஈர அலமாரியில கெடந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டா.

மைக்கக்கான்னா யாருன்னு சொல்லிடறேன். பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி ரூம்புக்குள்ள உக்காந்துக்கிட்டு, எந்த பஸ் எந்த மேடையில நிக்குதுன்னு மைக்குல சொல்றவ. ஊர்ல பாதிப்பேருக்கு அவ மூஞ்சி தெரியாது, குரல் தெரியும். கடையில போய் "அரைக்கிலோ சர்க்கரை"ன்னு கேட்டாப் போதும், நிக்கிறவங்க எல்லாம் பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்புற மாதிரி திரும்பிப் பாப்பாங்க.

அந்தக் குரலுக்குத்தான் இப்ப ஆபத்து. இடதுபக்கக் கடவாய்ப்பல்லு ஒவ்வொன்னா ஆட்டம் கண்டு, விழுந்து, விழுந்த இடத்துல எலும்புக்குள்ள சீழ் பிடிச்சு, ராப்பகலா யாரோ உள்ளேருந்து உளியால தட்டுற மாதிரி வலி. பேசுனா காத்துதான் வருது. மேடை நம்பர் சொன்னா வேற நம்பர் மாதிரி கேக்குதுன்னு ஒரு கெழவர் தப்பான பஸ்ல ஏறி எங்கயோ போய் எறங்கி, சண்டைக்கே வந்துட்டார். புதுசா வந்த மேனேஜர் நல்ல மனுஷன்தான். அவரே கூப்பிட்டு, "அக்கா, லீவு போட்டு வாயைச் சரி பண்ணிட்டு வாங்க. வந்து பேசிக் காட்டுங்க. இல்லன்னா மிஷினை வெச்சுருவோம்னு மேல சொல்றாங்க"ன்னு சொல்லிட்டார். இருபது வருஷத்துக்கு மேல அவ வாயிலேருந்து வந்ததை இனி மிஷின் பேசும்.

உள்ளூர்ல பல்லு டாக்டர் சொன்ன செலவைக் கேட்டா இருக்குற பல்லும் கழண்டு விழுந்துரும். நாத்தனார்தான் வழி சொன்னா. அவ வெளிநாடு போய்ப் பல்லு வெச்சுட்டு வந்து, எழவு வீட்டுல கூட சிரிச்சுக்கிட்டே திரியுறவ. "அண்ணி, பிளேன் டிக்கெட்டையும் சேத்தே இங்க ஆகுறதுல கால்வாசிதான். ஆனா ஒன்னு, பழைய எக்ஸ்ரே கட்டாயம் வேணும். அது இல்லாம தொடவே மாட்டாங்க. எலும்பு எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு ஒத்துப் பாத்துட்டுத்தான் கை வெப்பாங்க."

பழைய எக்ஸ்ரே எடுத்த கிளினிக்கை மூடிக்கிட்டிருந்தாங்க. டாக்டர் எறந்துட்டார், நாற்காலியெல்லாம் கழட்டிப் போட்டாச்சு. வரவேற்புல இருந்த பொண்ணு மட்டும் தூசிக்கு நடுவுல மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா. மைக்கக்கா பேரு போட்ட கவரைத் தேடி எடுத்தா, உள்ள காலி.

"போலீஸ்காரங்க கட்டுக்கட்டா அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா. ஏரியில ஒரு பொம்பளைப் பொணம் கெடச்சுதுல்ல, யாருன்னே தெரியல. பையில எங்க கிளினிக் சீட்டு இருந்துச்சாம். உங்க வயசு ஆளுங்க எக்ஸ்ரே எல்லாத்தையும் ஒத்துப் பாத்தாங்க, ஒன்னும் பொருந்தலையாம். கட்டு இன்னும் திரும்பி வரல."

"நாளைக்குக் காலையில எனக்கு பிளேன்மா. இதை விட்டா அவங்க அடுத்த தேதி ஆறு மாசம் கழிச்சுத்தான் தருவாங்க. வாயைப் பாரு. வேலை போயிரும்மா…"

அந்தப் பொண்ணுக்கு மனசு எளகிருச்சு. அலமாரிக்குப் பின்னாடி கையை விட்டுத் துழாவி ஒன்னை எடுத்தா. பேரு ஒட்டியிருந்த மூலை கிழிஞ்சிருந்துச்சு. "இது ஒன்னுதான் தனியா விழுந்து கெடந்துச்சு. உங்க கவரு காலியா இருக்கு. அப்போ உங்களோடதாத்தான் இருக்கும், இல்ல?"

"என்னுதுதான்"னு மைக்கக்கா வெளிச்சத்துல தூக்கிக் கூடப் பாக்காம வாங்கிட்டு வந்துட்டா.

இப்ப ஜன்னலோரம் நின்னு பாக்குறா. பாத்தாச்சு. தெரிஞ்சும் போச்சு.

வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக்கிட்டே கேட்டார். "என்னம்மா லவுட்ஸ்பீக்கர், ஒன்னோடதுதானா? சரியாப் பாத்துக்கோ. அங்க போய் நின்னுக்கிட்டு முழிக்காத."

தாடைக்குள்ள உளி ஒரு தட்டு தட்டுச்சு. கண்ணுல தண்ணி முட்டுச்சு.

"என்னுதுதாங்க. பல்லுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்."

கவருக்குள்ள போட்டு ஒட்டிட்டா.

*

அந்த ஊர் ஆஸ்பத்திரி ஹோட்டல் மாதிரி இருந்துச்சு. கிராம்பு எண்ணெய் வாசமும் ரப்பர் கையுறை வாசமும் கலந்த குளிர்ந்த காத்து, செருப்புச் சத்தமே கேக்காத தரை, மூடின கதவுகளுக்குப் பின்னாடி எங்கயோ எலும்பைக் குடையுற மிஷின் கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கு. டாக்டர் பேசுறதைத் தமிழ்ல மாத்திச் சொல்றதுக்கு ஒரு தொப்பைக்கார ஆளைக் கூட விட்டிருந்தாங்க. நல்ல வாயாடி.

"பயப்படாதீங்கக்கா, இந்த டாக்டர் கை பட்டா பல்லே தானா எந்திரிச்சு வணக்கம் சொல்லும்."

வாயைச் சுத்தி மிஷினை ஒரு வட்டம் சுத்த வெச்சுப் புது எக்ஸ்ரே எடுத்தாங்க. செவுத்துல இருந்த வெளிச்சப் பலகையில பழசையும் புதுசையும் பக்கத்துப் பக்கத்துல மாட்டுனாங்க. மைக்கக்கா நாற்காலியில படுத்தபடி கையைப் பிசைஞ்சா. கேட்டா என்ன சொல்றதுன்னு பிளேன்லயே ஒரு பொய்யைத் தயார் பண்ணி வெச்சிருந்தா. ஆணியை அப்புறமா எடுத்தாச்சு. பல்லு சந்தைக் கம்பி கட்டி அடைச்சாச்சு. அவ்வளவுதான்.

டாக்டர் பழசைப் பாத்தார். புதுசைப் பாத்தார். தலையாட்டினார். ஏதோ சொன்னார்.

"அச்சு அசலா ஒத்துப்போகுதாம்க்கா"ன்னு தொப்பைக்காரர் சிரிச்சார். "அந்த ஆணி கூட ஒரு மயிரிழை நகரலையாம். எப்ப அடிபட்டுச்சுன்னு கேக்கறார்."

மைக்கக்கா தலையைத் தூக்கிப் பாத்தா. இப்பத்தான், ரெண்டு நிமிஷம் முன்னாடி, இவ வாயில எடுத்த படம். அதுல ஆணி.

கையை மோவாய்க்குக் கொண்டுபோனா. இடதுபக்கம். தோலுக்கு அடியில, அரிசி மாதிரி, கெட்டியா ஒன்னு.

சொல்லிருக்கணும். அந்தப் பழசு என்னுது இல்ல, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை. வாயைத் தொறந்தா. தொறந்த உடனே வலி ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, கண்ணு முன்னாடி கண்ணாடி ரூம்பும் காலியா கெடக்குற நாற்காலியும் மைக்கு முன்னாடி உக்காந்திருக்குற மிஷினும் வந்து நின்னுச்சு. சொன்னா அனுப்பிருவாங்க. இதே வாயோட வீட்டுக்குப் போகணும்.

"சின்ன வயசுல விழுந்தேன்"னு சொல்லிட்டா.

டாக்டர் ஊசியை எடுத்தார். மயக்கம் ஏறுறப்போ நாக்குல மருந்துக் கசப்பு வரல. தேங்கிக் கெடந்த தண்ணியோட ருசி வந்துச்சு.

*

தொப்பைக்காரர் கொண்டுவந்து விட்டிருந்த லாட்ஜ் ரூமுல கண்ணு முழிச்சப்போ பொழுது சாய்ஞ்சிருந்துச்சு. தெரை வழியா வர்ற மங்கல் வெளிச்சத்துல நாற்காலி, பெட்டி, தண்ணி பாட்டில் எல்லாம் நனைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. குளிக்கிற ரூமுல குழாய் சொட்டிக்கிட்டிருந்துச்சு. இல்ல, குழாய் இல்ல. தலகாணிதான் நனைஞ்சிருந்துச்சு. ரத்தமா இருக்கும்னு தொட்டுப் பாத்தா. தண்ணி. பாசி வாடை.

வலி இல்ல. அதுதான் மொதல்ல தெரிஞ்சுது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வலியே இல்ல. அழுகையே வந்துருச்சு அவளுக்கு. புதுப் பல்லை நாக்கால தடவிப் பாத்தா. வழவழன்னு, வரிசையா, கெட்டியா. அப்படியே நாக்கை முன்னாடி கொண்டுவந்தா.

முன்பல்லுல நாக்கு நுழைஞ்சுது.

சந்து.

தெத்துப்பல்லைத் தேடுனா. இடதுபக்கம். வலதுபக்கம். இல்ல. முன்பக்கம் யாரும் கையே வெக்கலையே. கடவாய்க்குத்தான வைத்தியம் பாத்தாங்க?

போன் அடிச்சுது. வீட்டுக்காரர். அடிச்சுப் பிடிச்சு எடுத்தா.

"ஏம்மா, எப்படி இருக்க? ஒன்னும் இல்ல, சும்மாத்தான் போட்டேன்." அவர் குரல் சும்மாப் போட்ட குரலா இல்ல. "இங்க ஒரு கூத்து. போலீஸ் ஸ்டேஷன்லேருந்து ஆள் வந்துச்சு. அந்த ஏரிப் பொணம் இருக்குல்ல? முன்னாடி பாத்தப்போ எதுவும் பொருந்தலையாம். இன்னைக்குக் கடைசியா ஒரு தடவ எல்லாத்தையும் வெச்சுப் பாத்திருக்காங்க. ஒன்னோட எக்ஸ்ரே பொருந்துதாம். ஒன் பேரு ஒட்டியிருக்காம். நான் சிரிச்சேன். என் பொண்டாட்டி பல்லு கட்ட வெளிநாடு போயிருக்காடா, நான்தான் பிளேன் ஏத்திவிட்டேன்னேன். சும்மா வந்து பாத்துட்டுப் போங்கன்னாங்க."

அவர் மூச்சு வாங்குறது கேட்டுச்சு. அவரைச் சுத்தி பெரிய மிஷின் ஒன்னு உறுமுற சத்தம்.

"சிரிச்சுக்கிட்டேதான் இந்தப் பொணவறைக்கு வந்தேன்மா. மூஞ்சியெல்லாம் தெரியல. மீன் தின்னுருக்கு. ஆனா பல்லு… அந்தத் தெத்துப்பல்லு… நான் தெனம் பாக்குறது. எனக்குத் தெரியாதா? ஏம்மா, ஏதாவது பேசேன். ஒன் குரலைக் கேட்டாப் போதும் எனக்கு."

"ஏங்க"ன்னா மைக்கக்கா. "நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்."

தடிச்ச குரல். மெதுவா, கரகரன்னு, அடித்தொண்டையிலேருந்து வர்ற குரல். இவ அதைக் கேட்டதே இல்ல.

"யாருங்க நீங்க?"

"நான்தாங்க. மருந்து. மரத்துப் போயிருக்கு, அதான்…"

"இந்த போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அவ எங்க? வீடியோ போடுங்க. மூஞ்சியைக் காட்டுங்க."

போட்டா. திரையில அவர் மூஞ்சி. பின்னாடி வெள்ளை ஓடு பதிச்ச செவுரு. இரும்பு மேசை. மேல வெள்ளைத் துணி. அவர் இவ கண்ணைப் பாக்கல. வாயைத்தான் பாத்தார். பாத்துக்கிட்டே ஒரு அடி பின்னால போனார்.

"இது அவ வாய் இல்ல."

"ஏங்க, நான்தாங்க! லவுட்ஸ்பீக்கர்ங்க!"

"வேணாம். அந்தப் பேரைச் சொல்லாதீங்க."

எதைச் சொன்னா நம்புவார்? இவகிட்ட என்ன இருக்கு? ஒன்னே ஒன்னு. தெனம் வாய் நெறையச் சொன்னது. தூக்கத்துலயும் சொல்றது. மூச்சை இழுத்தா. ஈர மூச்சு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு…"

கரகரத்த குரல். யாரோ ஒருத்தியோட குரல். பாதியிலயே தொண்டையில தண்ணி ஏறுச்சு. அடைச்சுது. நின்னு போச்சு.

அவர் அழுதுக்கிட்டிருந்தார். அழுகை சட்டுன்னு நின்னுச்சு. மெதுவாத் திரும்பினார்.

மேசை மேல துணி. வாய் இருக்குற எடத்துல. லேசா உள்ள போச்சு. வெளிய வந்துச்சு.

"…மூன்றாவது மேடையிலிருந்து."

பிசிறே இல்ல. காத்து இல்ல. மணி மாதிரி குரல். இவ குரல்.

"புறப்படத் தயாராக உள்ளது."

போன் கீழ விழுந்துச்சு. அந்தப் பக்கம் வெறும் கூரை. டியூப் லைட். அவர் அலறல். அதுக்கு மேல அந்தக் குரல், ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு பேரா, திருத்தமா.

மைக்கக்கா வாயைத் தொறந்தா. கத்துறதுக்கு.

தண்ணிதான் வந்துச்சு.