வெளியே கட்டிய வலை

கொசுவலையின் நாடாக்களை யாரோ வெளிப்பக்கமாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். நேசம்மாள் கட்டிலில் கூனி உட்கார்ந்து அதையே பார்த்தாள். கொசு உள்ளே வராமலிருக்க வலை கட்டுவதுதான் ஊர் வழக்கம். இதிலோ கொசுவை உள்ளே விடுவதற்கென்றே ஒரு துணிக்குழாய் தைத்திருந்தார்கள்.

குளச்சலுக்குக் கிழக்கே, ஆகாயத்தாமரை மூடிய குளத்தை ஒட்டிய அந்த வாடகை வீட்டுக்கு யானைக்கால் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். ஆறு மாதத்தில் அது கண்டுபிடித்தது ஒன்றுதான்: நேசம்மாளுடையதைப் போலப் புழு செழித்த ரத்தம் சுற்றுவட்டாரத்தில் வேறெவருக்கும் இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டாக்டர் ஜஸ்டஸ் சபையில் எழுந்து, சுதந்திர தேசத்துக்கு நாம் எதையாவது கொடுக்க வேண்டாமா என்று முக்கால் மணி நேரம் உருகினார். சபையும் உருகி, நேசம்மாளைக் கொடுப்பதாகக் கைதூக்கித் தீர்மானித்தது. அவள் புருஷனின் கைதான் முதலில் எழுந்தது. பெண்கள் பக்கம் இருந்த அவளுக்குக் கைதூக்கும் உரிமை கிடையாது.

இன்று அவளுக்குக் குளிர்காய்ச்சல். இடது கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பியது.

“கம்பவுண்டரே, காலு வீங்குது. அந்த வெள்ள மாத்திரயில ஒண்ணு தாரும். நான் வீட்டுக்குப் போறேன்.”

கம்பவுண்டர் செல்வதாஸ் கொசுக்கூண்டைத் தூக்கி வந்தான். “மாத்திர தின்னா புழு சாவும். புழு செத்தா ஆராய்ச்சி எங்க நிக்கும்? சபையே கை பொக்கியாச்சு, நீ ஒருத்தி கெடந்து காலு காலுங்கியே!”

“எனக்க காலுல்லா?”

“காலு உனக்குள்ளதுதான். ரத்தம் நாட்டுக்குள்ளது. அனங்காம இரி.”

புழு ராத்திரியில்தான் ரத்தத்துக்கு ஏறி வருமாம். பத்து மணி அடித்ததும் குழாய் வழியே கொசுக்கள் வந்தன. அழுகிய ஆகாயத்தாமரையின் வாடை ஜன்னல் வழியாக ஊறி வர, விளக்குத்திரி சுருங்கி நிழல்கள் சுவரேற, அந்த மெல்லிய ரீங்காரம் காதோரம், கழுத்தோரம், முழங்காலின் மடிப்போரம் என்று இடம் பார்த்துப் பார்த்து இறங்கியது.

பிறகு ஓய்ந்தது.

ஒரு கொசுகூடப் பறக்கவில்லை. எல்லாம் அவள்மேல் அப்பியிருந்தன. நெற்றி, மார்பு, விரல்நுனி. இமை. தோலே தெரியவில்லை.

அவள் பல்லால் வலையைக் கடித்தாள். கிழிந்தது. வெளியே விழுந்தாள். ஓடினாள். கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் தடுக்கவில்லை.

வாசற்படியில் நின்று தன் கையைப் பார்த்தாள். கொசு ஒன்றுமில்லை. வெறும் தோல்.

திரும்பிப் பார்த்தாள்.

வலைக்குள், கட்டிலில், கறுப்பாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நேசம்மாளின் உயரம். அதே கூன். உடம்பெல்லாம் கொசு. கொசுவுக்குக் கீழே உடம்பு இல்லை.

உள்ளறையிலிருந்து வந்த டாக்டர் ஜஸ்டஸ் கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இப்படி ஒத்துழைக்கணும்” என்று அந்தக் கறுப்புக் கையைப் பிரியமாகப் பிடித்து, விரல்நுனியில் ஊசியை இறக்கினார்.

வாசற்படியில் நேசம்மாளின் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது.

“நிறைய வருது” என்றார் டாக்டர். “இன்னும் எடுப்போம்.”