இறங்கிட்டேன்

மிருதுளா 'இறங்கிட்டேன்' என்று அனுப்பிய இரண்டாவது நிமிடமே கணவன் மோகன்ராஜிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'தெரியும். கதவைத் திறந்துட்டேன்.'

சென்னை விமான நிலையத்திலிருந்து அனகாபுத்தூர் வீட்டுக்கு, பெட்டி வந்து, ஆட்டோ பிடித்து, பல்லாவரம் நெரிசலில் மாட்டி, எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரமாகும். இப்போதே எதற்குக் கதவைத் திறந்தான்? போதாக்குறைக்கு, அவள் இன்னும் இறங்கவே இல்லை.

சக்கரம் தரையில் இடித்தது உண்மை. தலைக்கு மேலே பெட்டிகள் தடதடவென்று ஆடி, பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட, டைப் செய்து வைத்திருந்த அந்த ஒற்றைச் சொல்லைப் பதற்றத்தில் அவள் கட்டைவிரல் அழுத்திவிட்டது. அடுத்த கணமே என்ஜின் அலறியது. ஓடுபாதை கீழே நழுவியது. கடலில் நின்ற புயலின் காற்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

"இன்னாமா இது, குந்துனான், மறுபடியும் ஏறிக்கினான்," என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர் லோகநாதன். பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். "பேஜாரு புடிச்ச காத்து. பயப்படாத, இன்னொரு ரவுண்டு அடிச்சு இறக்கிடுவான்."

அவள் சிரிக்க முயன்றாள். ஆடிட் வேலைக்காக மாதம் ஒருமுறை புனேவுக்குப் பறப்பவள். ஆனாலும் இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். அதற்காக மோகன்ராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். விமானம் வரும் நேரம் பார்த்து மொட்டைமாடிக்குப் போவான். சிவப்புப் போர்வையின் ஒரு முனையைத் துணி காயப்போடும் இரும்புக் குழாயில் கட்டுவான், மறுமுனையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து தேடுவாள். இரண்டு நொடிதான் தெரியும். அது போதும்.

"நீ தரையைத் தொடுற வரைக்கும் நான் மாடியை விட்டு இறங்க மாட்டேன்," என்று சொல்லியிருந்தான். பிள்ளை இல்லாத வீடு, இருவர் மட்டும்தான். எந்தக் காற்றிலும் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கைத்தான். சற்று முன்பு கூடப் பார்த்தாள், தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான், பாவம்.

விமானம் கடல்வரை போய்த் திரும்பியது. தாம்பரம், வண்டலூர் காடு, ஏரிகள் எல்லாம் சாம்பல் நிற மேகக் கிழிசல்களுக்கு இடையே சாய்ந்து சாய்ந்து போயின. யாரோ வாந்தியெடுத்த புளித்த வாடை, இறக்கைக்குள் ஏதோ முனகும் சத்தம், சீட் பெல்ட் அடிவயிற்றை அறுக்கும் வலி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நெற்றியை ஜன்னலில் அழுத்தி அவள் கூரைகளை எண்ணினாள். தண்ணீர்த் தொட்டி. செல்போன் கோபுரம். அடையாற்றின் வளைவு. அதோ, சிவப்பு.

போர்வை நன்றாக விரிந்திருந்தது. இரும்புக் குழாயில் கட்டு இல்லை. ஒரு முனையை மோகன்ராஜும் மறுமுனையை ஒரு பெண்ணும் பிடித்திருந்தார்கள்.

காற்று இறக்கையைத் தட்டியது. மறுபடியும் தரை வரை வந்து மறுபடியும் ஏறினார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் இதுதானா? எனக்காகப் பிடிக்கும் போர்வையையே அவள் கையில் கொடுத்தானே, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

சிக்னல் இன்னும் இருந்தது. அழைத்தாள். எடுத்துவிட்டான். முதலில் ஓர் இரைச்சல்தான் கேட்டது. மாடிக்கு மேலே விமானம் ஒன்று அடங்கி அடங்கிப் போகும் இரைச்சல். அது தான் உட்கார்ந்திருக்கும் விமானம்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"என்னங்க, யாரு அது?"

"மெதுவா பேசு," என்றான். "நீ இறங்கிட்டேன்னு அனுப்பின, மிருது. உடனே காலிங்பெல் அடிச்சுது. திறந்துட்டேன்."

"நான் இன்னும் மேலதான் இருக்கேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உள்ள வந்தாச்சு. இனிமே எப்படிப் போகச் சொல்றது?"

அவனுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "யாருங்க போன்ல?" அலுவலகக் கூட்டங்களின் பதிவுகளில் கேட்டுக் கேட்டு மிருதுளாவுக்கே பிடிக்காமல் போன குரல். அவளுடைய சொந்தக் குரல்.

மோகன்ராஜ் மூச்சை இழுத்துவிட்டான். "யாருமில்ல. ராங் நம்பர்," என்றான்.

பதினான்கு வருஷம். ராங் நம்பர்.

சிக்னல் போய்விட்டது. தன் கடுகு மஞ்சள் குர்தாவை அவள் குனிந்து பார்த்தாள். மடியில் காலையில் சிந்திய காபிக் கறை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவன் எடுத்துக் கொடுத்த நீலத் துப்பட்டா. எல்லாம் இருந்தது. கையைக் கிள்ளினாள். வலித்தது.

"இந்த தபா இறக்கிடுவான்மா," என்றார் லோகநாதன், கண்ணை மூடிக்கொண்டே.

மூன்றாவது முறை. தொட்டி. கோபுரம். ஆறு.

இந்த முறை இரண்டு நொடி இல்லை. காற்று எதிர்த்து நிறுத்தியதுபோல் விமானம் அங்கேயே தொங்கியது. எல்லாம் தெரிந்தது.

மஞ்சள் குர்தா. நீலத் துப்பட்டா. இருவரும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். முனையோடு முனை. கிட்டே வந்து, கை மாற்றி, விலகி, மறுபடி கிட்டே வந்து. ஒவ்வொரு ஞாயிறும் அவளும் அவனும் மடிப்பதுபோலவே.

"நான் இன்னும் தொடலைங்க," என்றாள் கண்ணாடியிடம். "சொன்னீங்களே. தொடுற வரைக்கும்னு சொன்னீங்களே."

அந்தப் பெண் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

மோகன்ராஜ் பார்த்தான். நேராக. இந்த ஜன்னலை. கை பாதிவரை உயர்ந்தது. பிறகு இறங்கியது.

திரும்பி நடந்தான். மாடிக் கதவுக்குள் போனான். உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டான்.

காலியான இரும்புக் குழாய் காற்றில் ஆடியது. தரையைத் தொடாமலே விமானம் மறுபடியும் மேலே ஏறத் தொடங்கியது.