சூடு ஆறாத மிஷின்

பத்து மாதமாக ஓடவில்லை என்று சொல்லிக் கொண்டுவந்த எஞ்சினின் சைலன்சர் சுடக் கூடாது. இது சுட்டது.

சாக்கைப் பிரித்து, மரம் அறுக்கும் அந்தப் பழைய மிஷினை மேசைமேல் தூக்கி வைத்தபோது ஆன்டோவின் புறங்கை அதில் பட்டது. கொதிக்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி நேரம் ஆன பாத்திரத்தின் சூடு, அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாளாக விடாமல் பெய்யும் மழையில் குறிஞ்சிப்பாடியே ஊறிப்போய்க் கிடந்தது. ஈரச் சாக்கில் சுற்றி வந்த இரும்பு சில்லென்றுதானே இருக்க வேண்டும்? கொண்டுவந்த பெண் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து எஞ்சின் மேல் வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்லிக்கொள்வதில் ஆன்டோ கெட்டிக்காரன்.

"ரிப்பேர் பண்ணணுமாம்மா?"

"ரிப்பேர் வேணாம்ணே. என்ன பழுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது."

வாசலில் பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பெயர் மலர்க்கொடி என்றாள். ஊர் கம்மாபுரம் பக்கம். அந்தப் பக்கத்தில் ஆன்டோவுக்குத் தெரிந்த பெண்கள் யாருமில்லை.

அன்று கல்லறைத் திருநாள். மத்தியானத்தோடு கடையை மூடிவிட்டு வரவேண்டும், கடலூரில் அவன் அப்பாவின் கல்லறைக்குப் போகவேண்டும் என்று மனைவி ஜோதி மேரி காலையிலேயே ஒரு பாக்கெட் மெழுகுவத்தியைக் கையில் திணித்து அனுப்பியிருந்தாள். இப்போது மணி நாலு. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. மழை மேகத்தில் கடைக்குள் இருட்டு கட்டியிருந்தது. அப்பாவுக்கு வைத்திருந்த மெழுகுவத்தியில் ஒன்றை எடுத்து, பெட்ரோல் கேனுக்கு எட்டாத மூலை அலமாரியில் ஏற்றி வைத்தான். செல்போன் டார்ச்சைப் போட்டு மேசை விளிம்பில் சாய்த்து வைத்தான்.

வேலை ஆரம்பித்தால் ஆன்டோவுக்குப் பயம் கியம் எல்லாம் ஓடிவிடும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பெட்ரோல் வாசமே இல்லை. உள்ளே வடிகட்டி காய்ந்து சருகாகியிருந்தது. அடுத்து ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மிஷினை அந்தரத்தில் தொங்கவிட்டான். நல்ல எஞ்சினாக இருந்தால் உள்ளே காற்று அடைபட்டு, அந்தக் கனம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். இது கிணற்றில் விட்ட வாளி மாதிரி விர்ரென்று இறங்கியது. பிஸ்டன் போய்விட்டது. செத்த எஞ்சின். அவனுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

பிளக்கைக் கழற்றினான். முனை சாம்பல்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது. உருண்டு தொலைந்துவிடக் கூடாதென்று எப்போதும்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சைலன்சரைக் கழற்றிப் பேப்பர்மேல் வைத்துவிட்டு, அது இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தான்.

இருபது வருஷத்தில் எத்தனையோ கீறல் விழுந்த பிஸ்டனைப் பார்த்திருக்கிறான். பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஊற்றினால் ஒரு பக்கம் கீறும். அழுக்கு உள்ளே போனால் இன்னொரு பக்கம் கீறும். இதில் சுற்றிலும் கீறல். விரல் நகம் உள்ளே உட்காரும் ஆழத்துக்குக் கோடு கோடாக உழுதிருந்தது.

"நல்லா இருந்த எஞ்சின்மா இது. ஓய்வே குடுக்காம ஓட்டியிருக்காங்க. பெட்ரோல் தீந்த பெறகும் ரேஸ அமுக்கிப் புடிச்ச மாதிரி."

"எவ்ளோ நேரம் ஓடியிருக்கும்ணே?"

"நேரமா? மாசக் கணக்கா ஓடுனாத்தான் இப்பிடி ஆவும்."

"பத்து மாசம் ஸ்டேஷன்ல பூட்டி வெச்சிருந்தாங்க. போன வாரந்தான் குடுத்தாங்க."

மழைச் சத்தம் தகரக் கூரையில் அதேபடிதான் கொட்டிக்கொண்டிருந்தது. ஆன்டோவுக்கு மட்டும் அது சட்டென்று தூரப் போய்விட்ட மாதிரி இருந்தது. பின் கைப்பிடியில் ஒட்டியிருந்த சிவப்புத் துணுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது. அரக்கு. போலீஸ் கேஸ் சாமானுக்குச் சீல் வைக்கும் அரக்கு. அந்தப் பிடி முழுக்கப் புழுதி அப்பியிருந்தது. நாலு விரல் பதியும் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம். மோந்தான். வியர்வை.

திறக்க வேண்டாம் என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. பக்கவாட்டு மூடியின் இரண்டு நட்டையும் கழற்றினான்.

உள்ளே மஞ்சளாக மரத்தூள் அடைத்திருந்தது. பலாமரத் தூள். பத்து மாதத்துத் தூள் கறுத்துக் கல்லாகியிருக்க வேண்டும். இது ஈரம் காயாமல், இப்போதுதான் அறுத்த மாதிரி வாசமடித்தது. தூளுக்கு நடுவே செயின் பல்லில் ஒரு கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது. கழுத்தில் கட்டும் கயிறு. நுனியில் சின்னத் தாயத்து. மூடியின் உட்புறத்தில் ஒரு சிலுவை கீறியிருந்தது. அதன் கீழே தேதி: 9-1-12.

அவன் கீறிய சிலுவை.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு அடையாளம் உண்டு. யாரோ செய்த வேலையை நம் தலையில் கட்டிவிடக் கூடாதென்று, மூடுவதற்கு முன்னால் உட்பக்கம் கீறி வைப்பார்கள். ஆன்டோவுக்குச் சிலுவை. அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கை கீறிவிட்டது. அன்றைக்கு அவன் செய்ததோ ரிப்பேர் இல்லை, திருட்டு.

தானே புயல் அடித்து ஓய்ந்த நேரம் அது. முந்திரி, பலா என்று ஒரு மரம் நிற்கவில்லை. விழுந்ததை அறுத்தால்தான் ரோடு, அறுத்தால்தான் வீடு. கடையில் மிஷின்கள் குவிந்தன. பாண்டிச்சேரி வரை போயும் பிரேக் ஸ்பிரிங் கிடைக்கவில்லை. மரம் அறுக்கும்போது மிஷின் துள்ளி மேலே வந்தால், முன்னாலிருக்கும் காப்புத் தகடு மணிக்கட்டில் இடிக்கும். இடித்ததும் அந்த ஸ்பிரிங் செயினைப் பிடித்து நிறுத்தும். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு கான்ட்ராக்டரின் மிஷினுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. விற்க வைத்திருந்த இந்த மிஷினிலிருந்து ஆன்டோ கழற்றிக் கொடுத்துவிட்டான். மறுநாள் செம்பியன் என்ற மரவெட்டி வந்து இதையே விலைக்குக் கேட்டான். மறந்துபோய் விற்றான் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மிஷின் துள்ளிச் செம்பியனின் கழுத்தில் இறங்கியது. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "நா விக்கும்போது எல்லாம் சரியா இருந்துச்சு சார். வேலைக்கு எடைஞ்சல்னு இவுங்களே பிரேக்க கழட்டிருவாங்க. குடிச்சிட்டு வேற அறுப்பாங்க" என்றான். அவர் எழுதிக்கொண்டார். செம்பியன் குடிப்பானா மாட்டானா என்பதே ஆன்டோவுக்குத் தெரியாது.

"எங்க வீட்டுக்காரரு ஒரு சொட்டு குடிக்கமாட்டாருண்ணே," என்றாள் மலர்க்கொடி, அவன் நினைப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டவள் மாதிரி. "எம் புள்ளைய ஸ்கூல்ல குடிகாரன் மவள்னுதான் கூப்புடறாங்க. மிஷின்ல என்ன பழுது? ஒங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அவள் அதற்காகத்தான் மழையில் வந்திருந்தாள்.

ஆன்டோ அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு அரத்தை எடுத்தான். சிலுவையைத் தேய்த்தான். தேதியையும் தேய்த்தான். வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்துவிட்டு மூடியைப் போட்டு இரண்டு நட்டையும் முறுக்கினான். முன்கைப்பிடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பிரேக்க கழட்டியிருக்காரும்மா. ஒங்க வீட்டுக்காரருதான் கழட்டியிருக்காரு."

ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

ஸ்டார்ட்டர் கயிறு வெளியே வந்தது.

தானாக. மெதுவாக. ஒரு முழம். நின்றது. பின் சரேலென்று உள்ளே போனது.

சட்டைப் பைக்குள் ஏதோ சுட்டது. பிளக். பிளக் அவன் பையில் இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இல்லை. பிஸ்டன் செத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தான். ஓட முடியாது. ஓடவே முடியாது.

மறுபடி கயிறு வெளியே வந்தது.

சைலன்சர் இல்லாத ஓட்டையிலிருந்து பாய்ந்த சத்தத்தில் அலமாரியிலிருந்த ஸ்பேனர்கள் குதித்தன. மேசை விளிம்பிலிருந்த செல்போன் கீழே விழுந்து அணைந்தது. பலாமர வாசம். பேப்பர் கருகும் வாசம். அதன்மேல் வைத்திருந்த சைலன்சர் சிவந்திருந்தது. கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. முன்கைப்பிடியில் இருந்த அவன் விரல்களுக்கு மேல் வேறு விரல்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ப்புக் காய்த்த, வியர்த்த விரல்கள்.

"யம்மா! மலர்க்கொடி! சொல்லிடறேன்! நாந்தான் கழட்டுனேன்! நாந்தான்!"

"மழ உள்ள அடிக்குதுண்ணே," என்றாள்.

ஷட்டர் முழுதும் இறங்கியது. கொக்கி விழுந்தது.

"அவரும் மணிக்கட்டால தள்ளுனாரு." தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அத்தனை சத்தத்திலும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "ரெண்டு தடவ. நா பக்கத்துலதான் கெளை பொறுக்கிட்டு இருந்தேன். நீங்களும் தள்ளிப் பாருங்கண்ணே."

மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிஷின் மேசையைவிட்டு எழுந்தது. பின் கைப்பிடியில் யாருமில்லை. ரேஸ் விசை மட்டும் அடிவரை அமுங்கியிருந்தது. செயினின் நுனி அவன் முகவாயைப் பார்த்து மேலே வந்தது. நிதானமாக வந்தது. அவசரமே இல்லை.

ஆன்டோ மணிக்கட்டால் காப்புத் தகட்டை முன்னால் தள்ளினான். ஆடும் பல் மாதிரி அது சாய்ந்து, திரும்பி வந்தது. மறுபடி தள்ளினான். மறுபடி சாய்ந்தது. டக்கென்று விழவேண்டிய பிரேக் விழவில்லை.