எல்லோரும் மணிமொழி

மழை நாளில் செங்கம் ரோட்டில் ஷேர் ஆட்டோ கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்த ஆட்டோவிலும் பாதி சீட்டை ஒரு கறுப்புப் பை பிடித்துக்கொண்டிருந்தால், மணிமொழிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"பையை மடியில வைங்க. மனுஷங்க உக்கார்ற இடம் இது."

"வைக்கிறேங்க... உங்க குடை அது மேல சொட்டுது பாருங்க. உள்ள லேப்டாப் இருக்கு."

"நான் நனையலாம், லேப்டாப் நனையக் கூடாதா?"

"உங்களுக்கு ஜலதோஷம் வந்தா மாத்திரை இருக்கு. அதுக்கு இல்லீங்களே..."

திரும்பி முறைத்தாள். சிரிக்கிற கண்கள்... நன்றாகத் தூங்கி எழுகிறவனின் கண்கள். பொறாமையாகக்கூட இருந்தது. அவளுக்கோ கண்ணைச் சுற்றிக் கருவளையம். காலை ஆறு மணிக்கு லாட்ஜ் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, ஆபரேஷன் ஆன அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மறுபடி லாட்ஜுக்கு ஓட்டம். இப்போதும் அந்த ஓட்டத்தில்தான் இருந்தாள். முப்பது வயதிலேயே வாழ்க்கை அலுத்துப்போயிருந்தது.

அவன் போனில், "மழை சார்... பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேசினது போதும், முதல்ல பையை எடுங்க!" என்று அவள் கத்தினாள்.

இருவரும் இறங்கியது ஒரே லாட்ஜ் வாசலில்! அவன் பெயர் எழில். லாட்ஜ் கம்ப்யூட்டரைச் சரிசெய்து, வேலை செய்பவர்களுக்குத் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டுமாக ஆளுக்கொரு கணக்கு போட்டுக் கொடுக்க வந்தவன்.

அதுவரை அங்கே ஒரே கணக்குதான். காலையில் மணிமொழி தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறப்பாள். அவள் வராவிட்டால் கம்ப்யூட்டர் திறக்காது. அதன்பிறகு அருணாதேவி, பரசுராமன், மேனேஜர் அப்பாசாமி என்று யார் உட்கார்ந்தாலும் அவள் பெயரிலேயே வேலை நடக்கும். அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டால் லாட்ஜில் வேலை செய்வது மணிமொழி ஒருத்திதான் என்று சொல்லும். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

சாயங்காலம் அருணாதேவி அலறினாள். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்திருந்த புக்கிங் லிஸ்ட் மொத்தமும் காணோம்!

"யாரு அழிச்சதுன்னு பாருப்பா" என்றார் அப்பாசாமி.

எழில் தேடிப் பார்த்தான். தயங்கினான். திரையில் இருந்தது ஒரே பெயர்... மணிமொழி. நேரம், மதியம் ரெண்டே முக்கால்.

"நாளையில இருந்து வர வேணாம்மா" என்றார் மேனேஜர்.

ரெண்டே முக்காலுக்கு அவள் ஆட்டோவில் இருந்தாள். அதற்கு இங்கே ஒரே சாட்சி எழில். அவ்வளவு திட்டிவிட்டு இவனிடமே போய் நிற்பதா? எழில் வாய் திறக்கப் போனான். வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். போனால் போகட்டும், நாளைக்காவது தூங்கலாம்... அப்போதுதான் வீட்டில் பாதி தீர்ந்திருந்த சொட்டு மருந்து பாட்டில் ஞாபகம் வந்தது. வீம்பு பார்த்தால் அம்மாவின் கண் என்னாவது?

"ரெண்டே முக்காலுக்கு நான் இங்கயே இல்ல சார். ஆட்டோல இருந்தேன்..." எழிலைக் காட்டினாள். "இவர் பக்கத்துல. இவரையே கேளுங்க."

"ஆமாங்க சார்" என்று எழில் தன் போனை நீட்டினான். "நேரத்தைப் பாருங்க. வர லேட்டாகும்னு அப்பதான் உங்களுக்கு போன் பண்ணேன். யாருப்பா பக்கத்துல கத்துறதுன்னு கேட்டீங்களே... இவங்கதான்."

அப்பாசாமி போனை வாங்கி நேரத்தைப் பார்த்தார்.

"நான் பண்ணது கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கற ரிசப்ஷன் போனுக்குங்க சார். எடுத்தது நீங்க. அப்ப கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தது..."

"பழைய லிஸ்ட்டுன்னு நெனச்சு... ஏதோ அமுக்கிட்டேன் போல" என்று மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி சரி, ஜாஸ்தி பேசாத. லிஸ்ட்டை எடுத்துக் குடு. நீ இரும்மா, எங்கயும் போவாத."

லிஸ்ட் கிடைத்துவிட்டது. எழில் இரண்டு குழுக்கள் அமைத்தான். முதல் குழுவினர் புக்கிங் போடலாம், பார்க்கலாம். இரண்டாவது குழுவினர்தான் அழிக்கலாம். அந்த இரண்டாவது குழுவில் ஒரே ஆள், மணிமொழி.

"மேனேஜர் சார் எதுல?" என்று கேட்டாள்.

"முதல் குழுவே போதும்னு அவரே சொல்லிட்டாருங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எல்லோரும் ஒவ்வொருவராக வந்து புதுப் பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் அடிக்கும்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், அது அவன் தொழில் மரியாதை. கடைசியாக அவள் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவள் விரல்கள் அசையவில்லை.

"முடிஞ்சுதுங்களா?"

"இல்ல... திரும்பாதீங்க. முகத்தைப் பாத்தா சொல்ல வராது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரொம்ப நாளா ஒரே அசதிங்க. எதுவுமே பிடிக்கல. இன்னிக்கு ஆட்டோல உங்ககிட்ட கத்தினப்ப மட்டும் அசதியே தெரியல. தினமும் உங்ககிட்ட கத்தணும் போல இருக்கு... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் காது மடல் சிவந்தது.

"இப்ப திரும்பலாமா?"

"வேணாம்... அழுதுட்டு இருக்கேன்."

அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்.

"எனக்கும் பிடிச்சிருக்குங்க... பையை எடுக்காம வேணும்னேதான் பேச்சை வளத்தேன். நாளைக்குக் காலையில அருணாதேவி அவங்க பேர்லயே கம்ப்யூட்டரைத் திறக்கட்டும். நீங்க எட்டு மணி வரைக்கும் தூங்குங்க... கத்துறதுக்கு மத்தியானமா நானே வந்துடறேன்."