கையத் தாங்க, சேர்

ஓட்டமாவடியிலிருந்து வந்த பஸ் இன்ஷிராவைக் கம்பஸ் சந்தியில் இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மூன்று வருடம் கழித்து வருகிறாள். சந்தி அப்படியேதான் இருந்தது. ஃபோட்டோக்கொப்பிக் கடை, பக்கத்தில் சர்பத் கடை, அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வீண்கதை கதைக்கும் பெடியன்கள். முகங்கள்தான் புதியவை. இவளை அடையாளம் கண்டு சிரிக்க ஒருவரும் இல்லை. எம்ஃபில் எனும் முதுதத்துவமாணிப் படிப்புக்கு வந்தவளுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

தங்குவதற்கும் பழைய வீடுதான். வாவிக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓட்டு வீடு. வீட்டுக்காரி சுலோஜனா கேற்றடிக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“பின்னறைதான், மகள், ஆளில்லாம ஒழிஞ்சு கிடக்கு. மனசுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, முன்னறையத் துப்புரவாக்கித் தாறன்.”

“பரவாயில்ல அக்கா. இருந்த அறைதானே.”

சுலோஜனா பெட்டியோடு முன்னால் நடந்தாள். கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

இரண்டு கட்டில்கள். சுவரோரக் கட்டில் இன்ஷிராவுடையது. ஜன்னலோரக் கட்டில் கூடப் படித்த ஜனோஜினியுடையது. ஜனோ கதிரவெளிப் பிள்ளை. மீன்பிடிக் குடும்பம், நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகினவள். இறுதி வருடத்தில் ஒரு நாள் விரிவுரையாளர் உதயரூபனோடு படகில் வாவிக்குள் போனாள், ஏதோ ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்க. திரும்பி வந்த படகில் அவர் மட்டும்தான் இருந்தார். நனைந்த உடுப்போடு கரையில் குந்தியிருந்து குழந்தைபோல் அழுதார். தவறி விழுந்துவிட்டாள், குதித்துத் தேடினேன், கிடைக்கவில்லை என்றார். மறுநாள் கரையோரக் கண்டல் மரங்களின் வேருக்குள்ளிருந்து ஜனோவை எடுத்தார்கள். விரல்கள் முறிந்திருந்தன. வேரில் அடிபட்டிருக்கும் என்றார்கள்.

“என்ட பிள்ள தண்ணிக்குள்ள சாகிற பிள்ள இல்ல” என்று அவளுடைய தாய் வாவிக்கரையில் புரண்டு கதறினாள். கேட்க ஆளில்லை. துறைத்தலைவர் நல்லரத்தினம் விசாரணையில் கதையை முடித்துவைத்தார். பிள்ளை எழும்பி நின்று செல்ஃபி எடுக்கப் போய் விழுந்துவிட்டதாம். ஜனோவின் ஃபோன் அன்று முழுக்க இந்த அறையில் சார்ஜில் கிடந்தது. இன்ஷிரா நேரே போய் அவரிடம் அதைச் சொன்னாள்.

“செத்த பிள்ள திரும்பியா வரப்போகுது? நீங்க படிப்பப் பாருங்க மகள்” என்றார் அவர்.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் கூட்டிப்போன குற்றத்தை மூடத்தான் இந்தப் பொய் என்று இன்ஷிரா அப்போது நினைத்துக்கொண்டாள். உதயரூபனை அவள் சந்தேகப்படவில்லை. அந்த மனிதர் அழுத அழுகை அப்படி. இப்போது அவர் கலாநிதி உதயரூபன். “வாங்க, என்னட்ட இடம் இருக்கு” என்று ஃபோன் எடுத்து அவளைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

பயணக் களைப்பு. தொழுதுவிட்டுச் சுவரோரக் கட்டிலில் சாய்ந்தாள். ஃபேன் மெல்லச் சுற்றியது. ஜன்னல் சாத்தியிருந்தும் அறைக்குள் ஒரு மணம் நின்றது. கண்டல் காட்டுச் சேற்றின் மணம், அழுகிய இலையும் உவர்த் தண்ணீரும் கலந்தது. வாவிக்கரை வீடுதானே என்று கண்ணை மூடினாள்.

மெத்தை சரிந்தது.

யாரோ வந்து உட்காரும் சரிவு இல்லை அது. படகில் போய்ப் பழகினவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் நிற்கும் ஒருவர் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால், அந்தப் பக்கம் மெதுவாகத் தாழும். உடம்பின் பாரம் முழுக்க இரண்டு கையில் இருக்கும்.

கட்டில் அப்படித் தாழ்ந்தது.

அவள் அசையவில்லை. மூச்சை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பாரம் விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். கட்டில் சட்டத்தின் மேலே, விளிம்போடு, ஈர விரல் தடங்கள். நேரான தடங்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணிக் கிடந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அவை காய்ந்தன.

அடுத்த நாள் துறைக்குப் போனாள். உதயரூபன் கொஞ்சம் தொப்பை வைத்திருந்தார். மீசைக்கு மை பூசியிருந்தார். அன்பாகத்தான் பேசினார். வாவியின் அடியில் எழும் சத்தங்கள்தான் அவளுடைய ஆய்வு. இந்த வாவியில் மீன் பாடுமா என்று வெளியூர்க்காரர் இன்றைக்கும் கேட்கிறார்கள். உள்ளூர்க்காரர் சிரித்துவிட்டுப் போவார்கள். தண்ணீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி, அதன் நீளமான வயர், பதிவுக் கருவி, ஹெட்போன் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

“வடக்குப் பக்கம், பாலத்தடி, எல்லா இடமும் பாருங்க. அந்தக் கண்டல் மூலைக்கு மட்டும் போகத் தேவல்ல. அங்க ஒரு சத்தமும் இரிக்காது.”

“சரி சேர்.”

ஜனோவை நினைத்து மனம் நோகிறார் என்று அவளுக்கு இரக்கம்கூட வந்தது.

படகோட்டி மீராசாஹிப் துறைக்கு வழமையாகப் படகு ஓட்டுபவர், நாற்பது வயதிருக்கும். காலையில் புறப்பட்டு இரண்டு மூன்று இடத்தில் ஒலிவாங்கியை இறக்கிப் பார்த்தார்கள். ஹெட்போனைக் காதில் மாட்டினால் வாவியின் அடி ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன றால்கள் எழுப்பும் சத்தம், கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று. வெயில் ஏற ஏறக் காற்று விழுந்தது. மீராசாஹிப் என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டார். படகு தன்பாட்டில் மிதந்து போனது. எந்தப் பக்கம் போகிறது என்று இருவருமே கவனிக்கவில்லை.

சட்டென்று காதில் படபடப்பு நின்றது.

வாவி முழுக்கச் செத்ததுபோல் ஒரு அமைதி. நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் கண்டல் மரங்கள் கறுப்பாக நின்றன. கொக்கு ஒன்றுகூட இல்லை.

பிறகு, தட்.

மரக்கட்டையால் எதையோ அடிக்கும் சத்தம்.

தட். தட்.

அதற்கு நடுவில், தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பேசும் ஒரு குரல்.

“கையத் தாங்க, சேர்.”

தட்.

“சேர், கையத் தாங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் சேர்…”

எலும்பு முறிகிற சத்தத்தை இன்ஷிரா அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் அது என்ன என்று தெரிந்தது. ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். மீராசாஹிப் அவளைப் பார்க்கவில்லை. அவருடைய கண் படகின் மறுபக்க விளிம்பில் நிலைத்திருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடந்தது.

“மகள்,” என்றார் அடங்கிய குரலில், “அந்தப் பக்கம் ஆர் பிடிக்கிற?”

கரைக்கு வந்ததும் என்ஜினின் திறப்புச் சாவியை அவள் கையில் வைத்தார். “வல்லாஹி, இனி நான் வர மாட்டன். வேற ஆளப் பாருங்க.”

அறைக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டாள். றால் சத்தம் மட்டும்தான் இருந்தது. முதலில் இருந்து கடைசிவரை, திரும்பத் திரும்பக் கேட்டும், றால் மட்டும்தான். யாரிடம் கொண்டுபோவாள்? நல்லரத்தினத்திடமா? பொலிஸிலா? அங்கே எதைச் சொல்வாள்?

அவளுக்கு வந்தது அழுகை இல்லை. உள்ளங்கால் தொடங்கித் தலைவரை ஒரு கொதிப்பு. அந்த அழுகையை நம்பினேனே, அந்தக் கையால் படிப்புக்கு இடம் வாங்கினேனே என்ற கொதிப்பு.

மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே சேற்று மணம் வந்தது. கட்டில் தாழத் தொடங்கியது. இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. சட்டத்தின் மேல் ஈரம் ஊறி, கோணல் விரல்களாகப் படிவதை நேருக்கு நேர் பார்த்தாள். சட்டத்தின் பக்கம் குனிந்தாள்.

“கூட்டிட்டு வாறன்டி.”

கட்டில் நிமிர்ந்தது.

உதயரூபனைக் கூட்டிப்போவது கஷ்டமாக இருக்கவில்லை. இதுவரை யாரும் பதியாத சத்தம் ஒன்று கேட்டது சேர், மீன்தான் போல, நீங்கள் கேட்டால்தான் தெரியும் என்றாள். அவருடைய கண் பளிச்சிட்டது. வெளிநாட்டு மாநாடு ஒன்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டே படகில் ஏறினார். என்ஜினை அவரே பிடித்தார். அவள் கையால் வழி காட்டினாள்.

கண்டல் மரங்கள் தெரிந்ததும் கதை நின்றது.

“இந்த இடம் வேணாம் எண்டு சொன்னேனே.”

“இங்கதான் சேர் கேட்டது.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதன்முதலாக இன்ஷிராவுக்கு அவரில் பயம் வந்தது. நட்டநடு வாவி. உச்சி வெயில். காது கேட்கும் தூரத்தில் ஆளில்லை. அவருடைய காலடியில் சவள் கிடந்தது, படகு வலிக்கும் மரத் துடுப்பு.

ஒலிவாங்கியை இறக்கினாள். ஹெட்போனை நீட்டினாள்.

“நீங்களே கேட்டுப் பாருங்க சேர்.”

ஒரு கையில் வயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய உதடு வெளுத்தது. முகத்தில் இருந்த இரத்தம் எங்கேயோ வடிந்து போனது.

“றால்,” என்றார். “இது றால் சத்தம்.”

“ஜனோட குரல் சேர்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மெதுவாகக் குனிந்து சவளை எடுத்தார். “ஆரு உனக்குச் சொன்ன?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. சவள் உயர்ந்தது. இன்ஷிரா பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

வயர் இறுகியது.

அடியில் யாரோ பிடித்து ஒரே இழுவையாக இழுத்ததுபோல் மணிக்கட்டோடு அவரைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. படகு ஆடியது. சவள் எங்கோ விழுந்தது. அவர் மேலே வந்து இருமினார், விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார்.

“இன்ஷிரா! கையத் தா!”

அவள் கையை நீட்டினாள். யாரானாலும் நீட்டுவார்கள். அவருடைய விரலுக்கும் அவளுடைய விரலுக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அப்போது அவர் இவளைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். தண்ணீருக்குள் தன் காலைப் பிடித்திருந்ததைப் பார்த்தார்.

“ஜனோ… நான் வேணுமெண்டு செய்யல்ல. நான் தொட்டத நீ போய்ச் சொல்லுவன் எண்டு நிண்டதால…”

இன்ஷிராவின் கை நின்றது.

இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே, அந்த ஒரு சாணில் நின்றது.

படகின் அடியில், தட்.

அவருடைய சின்ன விரல் பின்பக்கமாக மடங்கியது. யாரும் தொடவில்லை. அவர் கத்தினார். தட். அடுத்த விரல். தட். தட். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். கடைசி விரல் விட்டதும் தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்டது. ஒரு குமிழி எழும்பி உடைந்தது.

படகுக்குள் கிடந்த ஹெட்போனில் றால்கள் படபடக்கத் தொடங்கின.

பொலிஸ் வந்தது, சுழியோடிகள் வந்தார்கள். கண்டல் வேருக்குள்ளிருந்துதான் அவரையும் எடுத்தார்கள். வயர் கையில் சிக்கி விழுந்தார், பிடிக்க முடியவில்லை என்று இன்ஷிரா சொன்னாள். ஒருவரும் அவளைச் சந்தேகப்படவில்லை. அவளும் அழுதிருந்தாள்.

அடக்கம் முடிந்த கிழமையே நல்லரத்தினம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிர். பியோன் ஒரே கேத்தலில் இருந்து இரண்டு கோப்பையிலும் தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனான்.

“மகள், விசாரணைக்கு எழுதிக் குடுக்க வேணும்,” என்று ஆரம்பித்தார். “வயர் அது இது எண்டு சொன்னா உபகரணப் பிழை எண்டு துறைக்குத்தான் கரைச்சல். உதயரூபன் தம்பி படகில எழும்பி நிண்டவர், ஃபோட்டோ எடுக்கப் போய்த் தவறிட்டார். அப்படிச் சொல்லுவம். என்ன?”

அதே குரல். அதே ‘மகள்’.

“உங்களுக்குப் புது மேற்பார்வையாளர் ஒருத்தரப் போட்டுத் தாறன். நான் பாத்துக்கொள்ளுறன். தேத்தண்ணியக் குடிங்க.”

தானும் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது.

“என்ன இது, உப்புக் கரிக்குது.”

இன்ஷிரா தன் கோப்பையை வாயில் வைத்துப் பார்த்தாள். நல்ல சாயம். அளவான சீனி.

“எனக்கு நல்லா இரிக்கு சேர்.”

அவர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு அலுமாரியிலிருந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்தார். புதுப் போத்தல். மூடியை அவரே முறித்துத் திறந்தார். அண்ணாந்து வாய் நிறையக் குடித்தார். குடித்தவருடைய கண்கள் விரிந்தன. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

இன்ஷிரா அவருடைய முகத்தைப் பார்த்தபடியே தன் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.