நிழல் மாதிரி போனவர்

“என் வீட்டுக்காரர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியும்மா. இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியலை.”

வந்தவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. அகராதி அலுவலகத்துப் பியூனின் மனைவி அவள். முந்தின நாள் மதியம் அந்த அலுவலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியை படிக்கட்டில் உருண்டு விழுந்து, இன்னும் நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தள்ளிவிட்டதாகப் பியூனைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

துபாஷியம்மா காகிதத்தை வாங்கினார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் வந்த பெயர். அவருடைய கொழுந்தனார், பழைய பஸ் கண்டக்டர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்க வாக்குமூலம். அடியில் பியூனின் கையெழுத்தும் ஊதா நிறத்தில் அலுவலக முத்திரையும் இருந்தன.

“இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வராதும்மா. துணை ஆசிரியர்தான் கேட்டு எழுதிக் கொடுத்தாரு.”

“உன் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்லு.”

“‘யாரோ பின்னாலேயே வர்ற மாதிரி இருக்கு, நீ கூட வா’ன்னு ஆசிரியையம்மா கூப்பிட்டாங்க. மூணாவது மாடியிலேர்ந்து நிழல் மாதிரி கூடவே இறங்கியிருக்காரு. ரெண்டாவது மாடியில, ‘அச்சுக்கூடத்துல போய் அந்தக் காகிதக் கட்டை வாங்கிட்டு வா’ன்னாங்களாம். உள்ள போனவருக்கு அலறல்தான் கேட்டுது.”

துபாஷியம்மா காகிதத்தில் ஒரு வரியைத் தொட்டார். “இங்க ‘ஷேடோ’ பண்ணினேன்னு இருக்கு.”

“நிழல்னா ஷேடோதானே அண்ணி?” என்றார் கண்டக்டர்.

“தமிழ்ல நிழல் மாதிரி போறவன் காவல். இங்கிலீஷ்ல ஷேடோ பண்றவன் வேவு பார்க்கிறவன். ஒரே சொல்லுல மனுஷனைத் தலைகீழாப் புரட்டியாச்சு.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “தெரியாமப் புரட்டினாங்களா, தெரிஞ்சா? அதைப் பார்க்காம நான் திரும்பறதா இல்லை.”

அகராதி அலுவலகம் மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. படிக்கட்டு வாயில் கயிறு கட்டி, ஒரு போலீஸ்காரர் நின்றார். விபத்து நடந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஈ காக்கை ஏறவில்லை என்றார். மேல் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்கு விபத்துக்குச் சற்று முன்புதான் பச்சை பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகலான படி.

“பியூன் சட்டையில வலது முழங்கை முழுக்கப் பச்சை. வேற என்ன சாட்சி வேணும்?” என்றார் போலீஸ்காரர்.

துபாஷியம்மா லிஃப்டில் ஏறினார்.

துணை ஆசிரியர் மரியாதையாக எழுந்து நின்றார். “நேத்து நான் படிக்கட்டுப் பக்கமே போகலை. என் அறை வாசல்லேர்ந்து பார்த்தேன். அவங்க முன்னால இறங்க, பியூன் நாலு படி விட்டுப் பதுங்கிப் பதுங்கிப் போனான். சத்தம் கேட்டு நான் லிஃப்டுலதான் இறங்கினேன்.”

ஆசிரியையின் மேசையில் அந்த வாரத்துச் சொல் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒருவர் பின்னால் போவதற்கும் உடன் போவதற்குமான ஆங்கிலச் சொற்கள்: ஃபாலோ, அக்கம்பனி, எஸ்கார்ட், ஷேடோ. துபாஷியம்மா ஒவ்வொன்றாகப் படித்தார்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கே. யாரோடது?”

“என்னோடதுதான். இந்தச் சொற்களெல்லாம் என் பொறுப்பு,” என்றார் துணை ஆசிரியர் பெருமையாக.

பயணிகளின் கையைப் பார்த்தே காலம் கழித்த கண்டக்டருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. “சார், நகக்கண்ணுல என்ன பச்சை?”

“முத்திரை மை. கழுவினாலும் போகமாட்டேங்குது.”

மாலை நான்கு மணிக்கு அதே அறைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பியூனையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் துபாஷியம்மா. மனைவி வாசலோரம் நின்றாள். இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்திலும் மற்றவர்களிடம் தமிழிலுமாக, இரண்டு பக்கமும் ஒரு சொல் சிந்தாமல் துபாஷியம்மா பேசினார்.

“முதல்ல முழங்கை. பதுங்கிப் பின்னால போறவன் நடுப்படியில போவான். அவனுக்கு முழு அகலமும் இருக்கு. பக்கத்துல ஒரு அம்மாவுக்கு இடம் விட்டுக் கூடப் போறவன்தான் கம்பியோட ஒட்டுவான். இந்தப் பெயின்ட் பியூன் சொன்னதுக்குத்தான் சாட்சி.”

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். துபாஷியம்மா துணை ஆசிரியரைக் காட்டினார்.

“நாலு படி பின்னால போனதைப் பார்த்தேன்னு இவர் சொன்னது அப்போ பொய்.”

“நான் தப்பாப் பார்த்திருக்கலாம்,” என்றார் துணை ஆசிரியர். “மொழிபெயர்ப்பு அவசரத்துல செஞ்சது. நிழல்னான், ஷேடோன்னு எழுதினேன். அதுல என்ன குற்றம்?”

துபாஷியம்மா ஓர் அட்டையை எடுத்து நிதானமாக வாசித்தார். “‘ஷேடோ: ஒருவரை அவர் அறியாமல் பின்தொடர்தல். நிழல்போல் உடனிருத்தல் என்று பொருள் கொள்ளக் கூடாது.’ இந்த வாரம்தான் நீங்களே எழுதினது. ஊருக்கே எச்சரிக்கை எழுதின கைக்கு, ஒரு ஏழையோட வாக்குமூலத்துல மட்டும் மறந்துபோச்சா?”

கண்டக்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அண்ணி, அந்த நகம்!”

“அதுக்குத்தான் வர்றேன். இந்த அலுவலக முத்திரை மை ஊதா, காகிதத்துலயே இருக்கு. பச்சை இருக்கிற ஒரே இடம் அந்தக் கம்பி. மதியம் அடிச்ச பெயின்ட். உடனே படியை அடைச்சாச்சு. படிக்கட்டுப் பக்கமே போகாதவர் நகத்துக்கு அது எப்படி வந்துது?”

துணை ஆசிரியர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு துணை ஆசிரியர் தளர்ந்து உட்கார்ந்தார்.

“அட்டைகளைத் திருட்டுத்தனமா வேற பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். அது ஆசிரியையம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழே போய் இயக்குநர்கிட்ட சொல்லப்போறாங்கன்னு பின்னாலேயே போனேன். பியூன் உள்ள போனதும், சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சேன். உதறினாங்க. நான்… தள்ளிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் பழைய வாக்குமூலத்தைக் குறுக்கே அடித்தார். பியூன் முதலிலிருந்து சொல்ல, துபாஷியம்மா சொல்லுக்குச் சொல் எழுதி, திரும்பத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே பேனாவை அவரிடம் கொடுத்தார். பியூன் கையெழுத்துப் போடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மனைவி கணவரின் கையைப் பிடித்தாள். “வீட்டுக்குப் போலாம், வாங்க. நேத்துலேர்ந்து சாப்பிடலை நீங்க.”

பியூன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். “ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவங்க கண்ணு முழிக்கிறப்போ தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல வேணாமா?”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அப்போ நடங்க. நானும் வர்றேன்.”