பொருத்தம் பார்த்த கார்டு

பெட்டி ஒன்றுதான். அதைப் பிடித்திருந்த கைகள் இரண்டு.

"ஹலோ... நான்தான் முதல்ல எடுத்தேன்!"

"இல்லை... என்ட கைதான் முதல்ல பட்டது."

பவானேஸ்வரி வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலைமுடி, மூக்கில் பாதி வழுக்கியிருந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் பெரிய கரிய கண்கள். திட்டலாம் என்று திறந்த வாய் ஒரு விநாடி அப்படியே நின்றுவிட்டது. சே... ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளமான இமை?

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. பாச்சாங் கடைவரிசையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில், கேம் விளையாட உதவும் த்ரீ-டி கார்டு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. "சத்து சாஜா!" என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒற்றை விரலைக் காட்டிவிட்டு, இந்தச் சண்டையை ரசிக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

பவானேஸ்வரியின் பார்வை அவன் கக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டிக்குப் போனது. மதர்போர்டு. படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அலாமாக்! சார், இந்தக் கார்டு உங்க போர்டுல உக்காரவே உக்காராது லா."

"ஏன் உட்காராது?"

"இந்தக் கார்டுக்கு பழுப்பு கலர்ல தனியா ஒரு ஸ்லாட்டு வேணும். உங்க போர்டுல எல்லாமே வெள்ளை. பாத்தீங்களா? சாமான் வாங்குறதுக்கு முன்ன பொருத்தம் பாக்கணும் சார்."

"பொருத்தமோ? கல்யாணத்துக்கா வாங்குறன்?"

"கல்யாணம்னா பத்துப் பொருத்தத்தோட விட்டுருவாங்க. கம்ப்யூட்டருக்கு அதுக்கு மேலயே பாக்கணும். போர்டுக்கும் பிராசசருக்கும், போர்டுக்கும் ராமுக்கும், காசிங்குக்கும் பவர் சப்ளைக்கும்..."

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. "ஓம்... நீங்க சொல்றது சரிதான்."

"இது என்ன கோயிலா? ஓம்ங்கிறீங்க!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். யாழ்ப்பாணத்து வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்றுதான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாமலா? சும்மா, ஒரு வாய்த் திமிர்.

சிரித்து முடித்தவன் கையை எடுத்துவிட்டான். கார்டு அவளுக்கு. போர்டைத் தவுக்கே மாற்றிக் கொடுத்தார். அவனுக்கான கார்டு கோலாலம்பூரிலிருந்து வர நாளாகும் என்றும் சொன்னார்.

"அதுவரைக்கும் மிச்சச் சாமானுக்கும் பொருத்தம் பார்த்துத் தருவீங்களோ? நான் கிருபாலன். சர்வே ஆபிசில வேலை. வீடு இங்கதான், பாச்சாங்."

"நான் பவானேஸ்வரி. ஊரு சுங்கை ரம்பாய். பத்து பெரண்டாம்ங்கிற ஊர்ல, பேக்டரில சிப்பு டெஸ்ட் பண்றேன்."

"புவனேஸ்வரியோ?"

"ப...வானேஸ்வரி! சூராட் பெராணாக்குல, அதான் பொறப்புப் பத்திரத்துல, தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி அப்படித்தான் எழுதிட்டாரு. எங்கப்பாவுக்கு அப்ப கேட்கத் தைரியம் இல்ல. தப்பா எழுதுன பேரே எனக்கு நெலச்சுப் போச்சு."

கிருபாலன் தலையைச் சொறிந்தான். "எங்கட பெரியப்பாவும் தோட்டத்துக் கிராணிதான். அவர் சார்பில சாரி சொல்றன்."

அவள் சிரித்தாள். அன்றைய மழை எப்போது விட்டது என்று இருவருக்குமே தெரியாது.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் பாச்சாங்கில்தான் கழிந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம், மோனிட்டருக்கு இரண்டு மணி நேரம், காசிங்கை மட்டும் தட்டித் தட்டிப் பார்த்தே ஒரு மத்தியானம். "தகரம் மெலிசா இருந்தா கைய வெட்டிடும், விளிம்ப தடவிப் பாருங்க" என்பாள். சொன்னபடியே தடவிப் பார்ப்பான். தன் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கும் முதல் பெரிய சாமான் இந்தக் கம்ப்யூட்டர். லோரி ஓட்டிக் காலில் அடிபட்டு வீட்டில் இருக்கும் அப்பா பெரியதம்பிக்கு வி.சி.டி.யில் பழைய படம் போட, வேலை விட்டு வந்ததும் அவளுக்குக் கார் ரேஸ் ஓட்ட. இதைக் கேட்டு கிருபாலன் சிரிக்கவில்லை. "சத்தம் நல்லா இருந்தால்தான் படம் படமா இருக்கும்" என்று தன் வீட்டில் சும்மா கிடந்த ஸ்பீக்கர் இரண்டை அவளுக்கு இரவல் கொடுத்தான். போன் நம்பரை அந்தப் பெட்டி மேலேயே எழுதியிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஒவ்வொரு சாமானாகத் தன் கையாலேயே மாட்டிப் பூட்டிய கம்ப்யூட்டர் ஓடியது. திரையில் படம் வந்ததும் அப்பா கை தட்டினார். அம்மா முனியாயி ஓடிவந்து சூடம் காட்டிவிட்டுப் போனாள். பவானேஸ்வரிக்கோ... இதை முதலில் கிருபாலனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் திக்கென்றது. ஐயோ, இது எப்ப நடந்துச்சு?

மறுநாள் மத்தியானம், பேக்டரி கேன்டீன் போனில் நாணயத்தைப் போட்டு நம்பரைச் சுழற்றினாள். எடுத்தது அவன் அம்மா பராசக்தி.

"தம்பி இல்லைப் பிள்ளை. கார்ட் எடுக்கப் போயிட்டான்."

"கார்டா... ஆன்ட்டி?"

"ஓம். ஒரு மாசமா இந்த வீட்டில வேற கதையே இல்லை. பொருத்தம் எல்லாம் பார்த்தாச்சாம், அவனுக்கு நல்லாப் பிடிச்சும் போச்சாம். இனி என்ன, பூட்டுறதுதானே பாக்கி!"

கார்டு. பொருத்தம். பூட்டுவது... அட ராமா! நம்ம ஆட்களிடம் 'கார்டு எடுக்கப் போயிருக்கான்' என்றால் வேறென்ன? கல்யாணக் கார்டுதான். பூட்டுவது தாலியைத்தான். தன் வாயால் கற்றுக் கொடுத்த வார்த்தையே தன்னைக் குத்தும் என்று அவள் கண்டாளா?

"வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்று எப்படியோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தட்டில் போட்ட நாசி லெமாக் அப்படியே இருந்தது.

பைத்தியக்காரி... அவன் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை. ஆபிஸ் உத்தியோகம். நீ தோட்டத்துக்காரப் பொண்ணு. நாலு சனிக்கிழமை சிரிச்சுப் பேசினா எல்லாம் உன்னுதாயிடுமா? ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மனசு அரித்தது. கேட்கவா? அவளா? ரோஷம் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் பாச்சாங் பக்கமே போகவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் ஓடவில்லை. "ஒரு பழைய பாட்டைப் போடும்மா" என்று அப்பா கேட்டதற்குக்கூட, தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாகத் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

கடை வாசலிலேயே கிருபாலன் நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"போன கிழமையும் வந்து காத்திருந்தன். ஏன் வரேல்ல?"

அவள் பெட்டியை நீட்டினாள். கண்கள் அவன் முகத்தைப் பார்க்க மறுத்தன.

"உங்க ஸ்பீக்கர். ரொம்ப தேங்ஸ். அப்பறம்... கல்யாணத்துக்குக் கூப்பிடக்கூட மனசு வரல, இல்ல? ஒரு கார்டு குடுத்திருந்தா எங்க அப்பா அம்மாவோட வந்து மொய் எழுதிட்டுப் போயிருப்பேன்."

"கல்யாணமோ? ஆருக்கு?"

"நடிக்காதீங்க! உங்கம்மாதான் சொன்னாங்க. கார்டு எடுக்கப் போயிருக்கீங்களாம், பொருத்தம் பாத்தாச்சாம், பூட்டுறது மட்டும் பாக்கியாம்..."

கிருபாலன் அவளையே பார்த்தான். பிறகு தோள் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான். அதே த்ரீ-டி கார்டு. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இந்தக் கார்டைத்தான் எடுக்கப் போனன்."

பவானேஸ்வரிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கடைக்குள் தவுக்கே எதற்கோ சிரிக்க, அது தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து இன்னும் சிவந்தாள்.

"அம்மா ரெண்டு நாளாக் கேட்டுக்கொண்டே இருந்தா. 'கம்ப்யூட்டர் சாமான் வாங்கினதுக்கு ஒரு பிள்ளை போனில வாழ்த்துச் சொல்லி அழுகுதே, ஏனடா?' எண்டு."

"நான் அழல!"

"அழேல்ல. சரி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பெட்டியைப் புரட்டினாள். "வந்து பத்து நாளாச்சு... ஏன் இன்னும் பூட்டல?"

அவன் கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைத்தான். அந்த நீளமான இமைகளில் மழைத்துளி நின்றது.

"இதைப் பூட்டினால் வேலை முடிஞ்சு போயிடும். பிறகு சனிக்கிழமை நீங்க ஏன் பாச்சாங்குக்கு வரப்போறீங்க? கேம் எனக்குப் பெரிசில்லை, பவானேஸ்வரி. சனிக்கிழமைதான் பெரிசு."

மழை இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அவன் குரல் மட்டும்தான் கேட்டது.

"உங்க வீட்டுல... நாங்க தோட்டத்து ஆளுங்க..." அவள் முழுசாகச் சொல்லவில்லை.

"அம்மாவிட்ட எல்லாம் சொல்லிட்டன். ஒரு நாள் முழுக்க என்னோட கதைக்கேல்ல." அவன் ஒளிக்காமல் சொன்னான். "இண்டைக்குக் காலமைதான் வாய் திறந்தா. 'அந்தக் கார்டைப் பூட்டத் தெரிஞ்ச பிள்ளையை ஒருக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, பாப்பம்' எண்டா. இன்னும் முழு மனசு இல்லைத்தான். ஆனால் கதவைத் திறந்து வச்சிருக்கிறா."

பவானேஸ்வரி கார்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அன்று தைரியம் இல்லை. அவளுக்கு இன்று இருந்தது.

"நாளைக்கு வரேன். பூட்டித் தரேன்."

"பிறகு... அந்தக் கார்ட்? நீங்க நினைச்சீங்களே, அந்தக் கார்ட்? அதில உங்கட பேரைப் போடட்டோ?"

"புவனேஸ்வரின்னு போட்டீங்க... தொலைச்சிருவேன்."

"கிராணி எழுதின மாதிரியே போடுறன். பவானேஸ்வரி. சம்மதமோ?"

அவள் நிமிர்ந்து, அந்தக் கரிய கண்களைக் கூச்சமில்லாமல் நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.